லயம், குவாட்டர்ஸ், பங்களா: மடுல்கெல்ல மலையில் வர்க்கத்தின் கணக்கு

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக ஏறும் பாதை மடுல்கெல்லவில் நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவைத் தொடுகிறது. அங்குள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தை எதிர்மலையில் நின்று பார்த்தாலே அதன் சம்பள ஏட்டை வாசித்துவிடலாம். காற்றும் காட்சியும் வாய்த்த மேட்டில், புல்தரை சூழத் தோட்டத்தை நடத்தும் தொரையின் பங்களா. தேயிலை ஆலையான ஸ்டோருக்கும் ஆபீசுக்கும் அருகில் கிளாக்கர், டீமேக்கர், கண்டக்டர் குடியிருக்கும் குவாட்டர்ஸ். அதற்கும் கீழே, ஒரே கூரையைப் பங்கிட்டுக்கொண்டு காம்பிரா எனப்படும் அறைகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயங்கள். யார் என்ன வேலை செய்கிறார், அதற்கு எப்படிச் சம்பளம் வாங்குகிறார் என்பதை வீடு இருக்கும் உயரமே சொல்லிவிடும்.

வேலையும் வருமானமும் ஒருவரின் சமூகத் தட்டை எப்படித் தீர்மானிக்கின்றன என்பது அமெரிக்கச் சமூகவியல் நெடுங்காலமாக அலசிவரும் கேள்வி. இலங்கையின் தோட்டப் பகுதியான மலையகத்தில் நாம் அதற்குப் பெரும்பாலும் நாட்சம்பளத்தை வைத்தே விடை தேடியிருக்கிறோம். சம்பளப் போராட்டம் நியாயமானது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தோட்டத்தில் ஒருவரின் தட்டை நிர்ணயிப்பது கையில் விழும் தொகை மட்டுமல்ல. அந்தத் தொகை எந்த விதத்தில் வருகிறது, அதை வாங்குபவர் யாருடைய கூரையின் கீழ் உறங்குகிறார் என்பவை அதைவிட ஆழமாக வேலை செய்கின்றன. இதைச் சரியாகக் கணக்கிடாததால்தான் சம்பளம் பலமுறை கூடியும் தட்டு அசையாமல் நிற்கிறது.

லாயிட் வார்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1930களில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூபரிபோர்ட் நகரத்தை ஆராய்ந்து, அதற்கு ‘யாங்கி சிட்டி’ என்று புனைபெயர் வைத்து எழுதினார். 1949இல் அவர் இருவரோடு சேர்ந்து வெளியிட்ட ‘அமெரிக்காவில் சமூக வர்க்கம்’ என்ற நூல், ஒருவரின் தட்டை அளக்க நான்கு அளவைகளைத் தருகிறது: தொழில், வருமானம் வரும் வழி, வீட்டின் வகை, வாழும் பகுதி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை புள்ளி உண்டு. 1 மேல், 7 கீழ். தொழிலின் புள்ளியை நான்கால் பெருக்க வேண்டும். வருமான வழியையும் வீட்டையும் மூன்றால். வாழும் பகுதியை இரண்டால். நான்கையும் கூட்டினால் ஆக மேலே இருப்பவருக்கு 12, ஆகக் கீழே இருப்பவருக்கு 84.

இந்தப் பட்டியலில் வருமானத்தின் தொகை இல்லை. அது வரும் வழி மட்டுமே இருக்கிறது. பரம்பரைச் சொத்து முதலிடம். சுயமாகத் தேடிய சொத்து, இலாபமும் கட்டணமும், மாதச் சம்பளம், கூலி, தனியார் உதவி, அரசின் நிவாரணம் என்று படிகள் இறங்குகின்றன. மாதச் சம்பளம் நாலாவது, கூலி ஐந்தாவது.

கொழுந்து எடுக்கும் ஒரு பெண்ணை இந்த அளவையில் நிறுத்திப் பார்ப்போம். பயிற்சி வேண்டாத உடலுழைப்பு என்று வார்னர் வகுக்கும் தொழிலுக்குப் புள்ளி 7. நான்கால் பெருக்க 28. (கொழுந்து எடுப்பது பயிற்சி வேண்டாத வேலை என்பதை, ஒரு கையளவு கொழுந்தை முறையாக எடுத்துப் பார்த்த எவரும் ஒப்பமாட்டார். ஆனாலும் உலகம் அப்படித்தான் புள்ளி போடுகிறது.) கூலிக்கு 5, பெருக்க 15. லயத்துக்கு 7, பெருக்க 21. லயம் இருக்கும் இடத்துக்கு 7, பெருக்க 14. ஆக மொத்தம் 78. வார்னரின் கணக்கில் 70 முதல் 84 வரை கடைசிப் படி.

நாட்சம்பளத்தை இரண்டு மடங்காக்கினாலும் இந்த 78 மாறாது. கூலி, எவ்வளவு கூடினாலும், ஐந்தாம் புள்ளியிலேயே நிற்கும். அவர் லயத்தை விட்டு, சொந்தக் காணியில் நடுத்தரமான ஒரு வீட்டுக்கு, ஓரளவு வசதியுள்ள பகுதிக்குப் போனால் என்னாகும்? வீட்டுக்கு 4, பகுதிக்கு 5 என்று வைத்தால் மொத்தம் 65. வேலையும் கூலியும் அப்படியே இருக்க, அவர் கடைசிப் படிக்கும் அதற்கு மேற்படிக்கும் இடைப்பட்ட எல்லைக்கு வந்துவிடுகிறார்.

இது ஓர் அமெரிக்கச் சிறுநகரத்துக்காகச் செய்யப்பட்ட அளவுகோல் என்பதை மறக்கவில்லை. சி. ரைட் மில்ஸ் 1942லேயே வார்னரைக் கடுமையாக விமர்சித்தார். பொருளாதார வர்க்கம், மதிப்பு, அதிகாரம் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிட்டார் என்பது அவருடைய குற்றச்சாட்டு. யாருக்கு யார் கட்டளையிடலாம் என்ற கேள்வி வார்னரின் புள்ளிகளில் காணாமல் போகிறது. தோட்டத்தில் அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு எதையும் பேச முடியாது. என்றாலும் வார்னரின் நான்கு அளவைகளையும் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க நகரத்தில் அவை தனித்தனியாக அசையக்கூடியவை. தொழிற்சாலைக் கூலியாள் சேமித்து நல்ல தெருவில் வீடு வாங்கலாம். அவர் மகன் கிளாக்கர் ஆகலாம். தோட்டத்தில் நான்கையும் ஒரே கயிற்றில் கட்டி, கயிற்றின் நுனியை நிருவாகத்தின் கையில் கொடுத்தார்கள்.

இந்தக் கயிறு திரிக்கப்பட்டது கோப்பிக் காலத்தில். 1820களில் கம்பளைப் பக்கம் தொடங்கிய கோப்பிப் பயிர், நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் நக்கிள்ஸ், கெலெபொக்க, ரங்கல பள்ளத்தாக்குகளை நிறைத்தது. தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப்பாதையில் மாத்தளை வரை நடந்து வந்தவர்களின் உழைப்பில் அந்தக் கோப்பி விளைந்தது. 1869இல் இலைநோய் தாக்கத் தொடங்கி, கோப்பி படிப்படியாக அழிந்தது. நோய் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே, இதே கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். பயிர் மாறியது. கோப்பிக் காலத்தில் பருவத்துக்கு வந்து போன ஆட்கள், ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் தேயிலையால் நிரந்தரமாகத் தங்கினார்கள். லயமும் நிரந்தரமானது.

தொழிலாளருக்கும் தொரைக்கும் நடுவே கங்காணி நின்றார். ஊருக்குப் போய் ஆள் கட்டி வருவதும், முன்பணம் கொடுப்பதும், வேலையை மேற்பார்வை செய்வதும் அவரே. அவருடைய வருமானம் கூலி அல்ல. தன் கீழுள்ள ஒவ்வோர் ஆளும் வேலைக்குப் போகும் நாளுக்கு அவருக்குத் தலைக்காசு உண்டு. கொடுத்த கடனுக்கு வட்டியும் உண்டு. தொழிலாளி வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் அவருடைய கடன் தொகையை எழுதிய துண்டு வேண்டும். கடனை ஏற்கும் தோட்டம்தான் ஆளையும் ஏற்கும். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்குள் பெரிய கங்காணிகள் சிலர் கோயில் கட்டினார்கள், கடை வைத்தார்கள், நிலம் வாங்கினார்கள். மலையகத் தமிழரிடையே முதல் வசதியுள்ள தட்டு இப்படித்தான் தோன்றியது. பெரிய கங்காணிகளில் பலர் உயர்த்தப்பட்ட சாதியினர்; ஆட்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரின் சாதிப்படியும் தோட்டத்தின் வேலைப்படியும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி உட்கார்ந்தன. வர்க்கம் என்று மட்டும் பேசி இதைக் கடந்துபோகும் எழுத்தில் எனக்கு உடன்பாடில்லை.

சம்பளம் எழுதப்படும் விதத்தைச் சற்று அருகில் பார்க்கலாம். காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணி வேலை பிரிப்பார்கள். கொழுந்து எடுப்பவர்கள் தங்களுக்குச் சொன்ன மலைக்கு ஏறுவார்கள். நிறுவைக் கொட்டகையான மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது, கூடைக்கும் ஈரத்துக்கும் என்று சில கிலோ கழிக்கப்படும். எஞ்சிய கிலோ தோட்டம் வைத்த அளவைத் தொட்டால் வருகை ஏடான செக்ரோலில் ஒரு பேர், அதாவது ஒரு முழு நாள் சம்பளம், விழும். பல தோட்டங்களில் அந்த அளவு 18 கிலோ அல்லது 20 கிலோ. தொடாவிட்டால் அரைப்பேர். மழை பிந்தி, செடி கொழுந்து விடாத மாதத்தில் காலை முதல் மாலை வரை மலையில் நின்றவருக்கும் அரைப்பேர்தான். மாத முடிவில் பேரை எண்ணி, நாட்சம்பளத்தால் பெருக்கி, ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், சங்கத்துக்குச் சந்தா, கோயிலுக்கு, தீபாவளி முற்பணத்துக்கு, தேயிலைத் தூளுக்கு என்று கழித்தபின் மிச்சம் கைக்கு வரும். ஒருவரின் மாத வருமானத்தை வானமும் தராசும் கழிவும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. எத்தனை பேர் விழும் என்று மாதத் தொடக்கத்தில் அவருக்குத் தெரியாது.

குவாட்டர்ஸில் இருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. மழை பெய்தாலும் காய்ந்தாலும் கிளாக்கரின் மாதச் சம்பளம் மாதச் சம்பளமே. தோட்டச் சேவையாளருக்குத் தனிச் சங்கம், தனிக் கூட்டு ஒப்பந்தம். தொழிலாளி அவரை ஐயா என்று அழைப்பார். அவர் தொழிலாளியைப் பேர் சொல்லி அழைப்பார், வயதில் மூத்தவராக இருந்தாலும். இரு தட்டுக்கும் இடையிலான தூரம் தொகையால் மட்டும் உண்டானதில்லை. அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று தெரிந்து வாழ்வதே ஒரு தட்டு. பிள்ளையை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமா, வங்கியில் கடன் கேட்கலாமா என்பதெல்லாம் அந்த நிச்சயத்தின் மேல்தான் நிற்கின்றன.

தொகைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியை 2015ஐ ஒட்டி மலையகமே நேரில் பார்த்தது. தோட்டப் பாடசாலைகளுக்கு உயர்தரம் சித்தியடைந்த இளைஞர்களை ஆசிரியர் உதவியாளர்களாக நியமித்தார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. பின்னர் 10,000 ஆனது. அதே காலத்தில், 2013 கூட்டு ஒப்பந்தப்படி தொழிலாளிக்கு வருகைக் கொடுப்பனவு உட்பட நாளொன்றுக்கு 620 ரூபா. இருபது பேர் விழுந்த தாய்க்கு 12,400 ரூபா. டீச்சராகப் போன மகளுக்கு 6,000. மகளின் பஸ் காசைத் தாய் கொடுத்த வீடுகள் இருந்தன. ஆனாலும் தாயோ மகளோ லயத்தில் எவருமோ தாய் மேல் தட்டில் இருப்பதாக ஒரு கணமும் நினைக்கவில்லை. மகளிடம் நிரந்தர நியமனத்துக்கான வழி இருந்தது. டீச்சர் என்ற மரியாதை இருந்தது. தோட்டத்துக்கு வெளியே வீடு எடுத்துப் போகும் நாள் ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது. 6,000 ரூபா கொடுத்து ஓர் ஆசிரியரை வைத்திருந்தது அநீதி. அதைச் சொல்லியே ஆகவேண்டும். அந்த அநீதியை அவர்கள் ஏன் பொறுத்தார்கள் என்பதற்கு விடை தட்டுக் கணக்கில் இருக்கிறது.

பெண் என்ற கணக்கு இதற்குள் இன்னொரு கணக்கு. 1927 குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு, சிறுவருக்கு அதைவிடவும் குறைவு என்று மூன்று விதமாகச் சம்பளம் வகுக்கப்பட்டது. தோட்டத்தில் ஆண் பெண் இருவருக்கும் ஒரே நாட்சம்பளம் 1984இல்தான் வந்தது. கொழுந்து எடுப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களை மேய்க்கும் கங்காணிமாரில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். இன்றும் இதில் பெரிய மாற்றமில்லை.

அரசின் புள்ளிவிபரங்களும் இந்தக் கயிற்றை அவிழ்க்கவில்லை. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று துறைகளாகப் பிரிக்கிறது. 20 ஏக்கருக்குக் குறையாத, குடியிருக்கும் தொழிலாளர் பத்துப் பேராவது உள்ள பெருந்தோட்டமே தோட்டத் துறை. ஒரு தொழில் அங்கே ஒரு நிலப்பகுதியாகவே பதிவாகிறது. 2019 வீட்டு வருமான, செலவு ஆய்வின்படி ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் நகரத்தில் 116,670 ரூபா, கிராமத்தில் 69,517 ரூபா, தோட்டத்தில் 46,865 ரூபா. வறுமையில் வாழ்வோர் நாட்டில் 14.3 சதவீதம், தோட்டத்தில் 33.8 சதவீதம். இந்த எண்கள் பொருளாதார நெருக்கடிக்கு முந்தியவை.

சட்டமும் அந்தக் கயிற்றை இறுக்கியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று எண்ணிப் பங்கிட்டது. பிரச்சினை பெருமளவில் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை பொறுக்க வேண்டியிருந்தது. நாடற்றவருக்கு வாக்கில்லை; வாக்கில்லாதவருக்குக் காணியும் இல்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் கண்டிப் பகுதித் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. அந்த மண்ணில் தலைமுறையாக உழைத்தவர்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை. பசியும் 1977இல் தமிழருக்கு எதிராக எழுந்த வன்செயலும் சேர்ந்து துரத்த, பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். அந்த ஆண்டு மே 11ஆம் திகதி, தோட்டக் காணி சுவீகரிப்பை எதிர்த்த சிவனு லெட்சுமணன் டெவன் தோட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

காணி என்ன செய்யும் என்பதற்குச் சான்று தேயிலையிலேயே இருக்கிறது. இலங்கைத் தேயிலையில் சுமார் நாலில் மூன்று பங்கு இன்று சிறுதோட்ட உடைமையாளர்களின் நிலத்திலிருந்து வருகிறது. அவர் எடுப்பதும் இதே இரண்டு இலை ஒரு மொட்டு. முதுகு நோவதும் இதே முதுகுதான். ஆனால் அவர் கொழுந்து விற்பவர், விவசாயி. வங்கியும் கிராமச் சங்கமும் அவரை அப்படித்தான் நடத்தும். ஒரே இலையை எடுக்கும் இருவரை இரு தட்டில் வைப்பது காலடி மண் யாருடையது என்ற ஒன்றே. தோட்டங்களை நடத்தும் சில கம்பனிகள் செடிகளைத் தொழிலாளருக்குப் பங்கிட்டுக் கொடுத்துக் கொழுந்துக்கு விலை தரும் வெளியார் உற்பத்தி முறையை இப்போது முன்வைக்கின்றன. காணி கைமாறாதவரை அது கூலியின் வேறொரு வடிவமாகவே இருக்கும் என்பது என் கணிப்பு.

வேலை தருபவரே வீட்டுக்கும் சொந்தக்காரர் ஆனால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்காவும் கண்டிருக்கிறது. ரயில் பெட்டி செய்த ஜார்ஜ் புல்மன் 1880களில் சிகாகோவுக்குத் தெற்கே தன் தொழிலாளருக்கென்று ஒரு நகரமே கட்டினார். செங்கல் வீடு, பூங்கா, நூலகம் எல்லாம் இருந்தன. எல்லாம் கம்பனியின் சொத்து. 1893 நெருக்கடியில் கூலியைக் குறைத்த கம்பனி வாடகையைக் குறைக்கவில்லை. 1894இல் வெடித்த வேலைநிறுத்தம் நாட்டின் ரயில் போக்குவரத்தையே முடக்கியது. 1898இல் இலினோய் மாநில உயர் நீதிமன்றம், ரயில் பெட்டி செய்யப் பதிவான கம்பனிக்கு ஒரு நகரத்தை வைத்திருக்க அதிகாரம் இல்லை என்று தீர்த்தது. வீடுகளை விற்க வேண்டியதாயிற்று. நம் லயங்களோடு ஒப்பிட்டால் புல்மன் வீடுகள் மாளிகைகள். ஆனாலும் அங்கு வாழ்ந்தவர்களுக்கு நீதிமன்றம் செய்தது, வேலையிலிருந்து வீட்டைப் பிரித்ததுதான்.

இங்கே அந்தப் பிரிப்பு மிக மெதுவாக நடக்கிறது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நேரடியாகச் சேவை செய்வதற்குத் தடையாக இருந்தது. பாதை போடவும் விளக்குப் போடவும் வாக்கு வாங்கிய உறுப்பினரால் முடியவில்லை. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. வீட்டிலக்கம் இல்லாததால் கடிதங்கள் தோட்ட ஆபீசுக்குப் போய்ச் சேர்வதும், நேர்முகப் பரீட்சை முடிந்தபின் அழைப்புக் கடிதம் லயத்துக்கு வருவதும் மலையகத்தில் எல்லோரும் அறிந்த கதை. 2015க்குப் பின் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி தருவதாக ஆட்சியாளர்கள் சொன்னார்கள்; பிறகு 10 பேர்ச் என்றார்கள். இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள், 2017இல் மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார்கள். கட்டிய வீடுகள் உண்டு, குடியேறியவர்களும் உண்டு. ஆனால் வீடு கிடைத்த பலருக்கும் சட்டப்படியான உறுதி கைக்கு வரத் தாமதம். கண்டி, மாத்தளை மாவட்டங்களில் தோட்டங்கள் பல இன்னும் அரச நிறுவனங்களின் நிருவாகத்தில் இருக்கின்றன. அங்கே காணிச் சொந்தக்காரரும் அரசு, முதலாளியும் அரசு. உறுதி எழுதிக் கொடுக்க மூன்றாவது ஆளிடம் கேட்க வேண்டியதில்லை.

இதற்கிடையில் இளையவர்கள் பிரட்டுக்களத்தை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கொழும்புக் கடைக்கு, ஆடைத் தொழிற்சாலைக்கு, வளைகுடா நாட்டு வீடுகளுக்கு, முச்சக்கர வண்டிக்கு, மலைக்கு வரும் பயணிகளுக்கென்று தோட்டக் காட்சியை விற்கும் விடுதிகளுக்கு. சிலர் தோட்டச் சம்பளத்தைவிடக் கூடவே உழைக்கிறார்கள். ஆனால் பெற்றோரில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போட்டால்தான் காம்பிரா நிலைக்கும் என்ற பயம் பல குடும்பங்களில் இருக்கிறது. மகன் அனுப்பும் காசில் லயத்துக்குள் டைல்ஸ் பதிக்கிறார்கள், முன்பக்கம் ஓர் அறை கூட்டுகிறார்கள். அந்தச் சுவரின் மேல் அவர்களுக்கு உரிமை இல்லை. வங்கிக்கு ஈடு வைக்க முடியாது; விற்க முடியாது; மகளுக்கு எழுத முடியாது. சேமிப்பு சொத்தாக மாறும் வழி அடைபட்டுக் கிடக்கிறது. அமெரிக்கக் கூலிக் குடும்பங்கள் பல வீட்டை வாங்கித்தான் நடுத்தர வர்க்கத்துக்குள் நுழைந்தன. நம் குடும்பங்களும் அதே காசைச் சுவரில்தான் போடுகின்றன. சுவர் அவர்கள் பெயரில் இல்லை.

நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபா ஆனது; 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா ஆனது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டம் 1,550 ரூபாவோடு அரசின் வருகை ஊக்குவிப்பு 200 ரூபாவும் சேர்த்து 1,750 என்றது. ஒவ்வொரு உயர்வும் போராடிப் பெற்றது. ஒவ்வொன்றும் அடுப்பில் உலை வைக்க உதவியது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும் சங்கத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள்: நாட்சம்பளத் தாளோடு இன்னும் இரண்டு தாள்களை மேசையில் வையுங்கள். ஒன்று, செக்ரோலில் பெயர் இருக்கிறதோ இல்லையோ, இப்போது குடியிருக்கும் குடும்பத்துக்கு, பெண்ணின் பெயரையும் சேர்த்து எழுதிய காணி உறுதி. மற்றது, கிலோ குறைந்தாலும் குறையாத மாதச் சம்பளம். முதலாவதை அரச தோட்டங்களில், மடுல்கெல்லவைச் சூழ்ந்த இந்த மாவட்டத்திலேயே தொடங்கலாம்.